மறு அடகு வைக்க ஒருநாள் வட்டிக்குப் பணம் வாங்கலாமா?

வணக்கம் சகோதரி. பென்னாகரத்தில் வங்கியில் வைத்த பாட்டியின் மூன்று பவுன் செயினுக்குக் கெடு முடியப்போகிறது, முழுப்பணம் கட்டினால்தான் மறு அடகு என்கிறார்கள், ஒருநாள் வட்டிக்கு ஒருவர் பணம் தருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவரிடம் போகாதீர்கள். வங்கியில் சர்வர் படுத்துவிட்டால் ஒருநாள் மூன்று நாளாகும், வட்டியும் அப்படியே ஏறும்.

ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் விதிப்படி, கடன் வாராக்கடனாகாமல் (அதாவது கட்டாமல் நெடுநாள் நிலுவையாகாமல்), நகை மதிப்பில் கடனுக்கு அனுமதித்த அளவுக்குள் இருந்தால், சேர்ந்த வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க வங்கி அனுமதிக்கலாம். கெடுவுக்கு முன்பே எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பாட்டி நகைக்கு ரசீது இல்லையே என்று பயப்பட வேண்டாம், நகை உங்களுடையது என்ற உறுதிமொழியை ஏற்க விதியில் இடமுண்டு.

அதுவும் நடக்காவிட்டால் உரிமம் உள்ள அடகுக்கடைக்குப் போங்கள். எடையும் வட்டியும் எழுதிய சீட்டு கைக்கு வராமல் படியிறங்காதீர்கள்.

நகைக்கடன் விதியை ரிசர்வ் வங்கி இறுக்குவதில் நல்லதும் உண்டு. கடன் அடைத்த பிறகு நகையைத் தர ஏழு வேலைநாளுக்கு மேல் வங்கி தன் தவறால் இழுத்தடித்தால், நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். ஆனால் முறையான இடங்களில் கதவு குறுகினால் ஏழை ஜனம் சீட்டே தராத ஆளிடம்தான் போய் நிற்கும். அந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, கெடு தேதி என்றைக்கு? சொன்னால் மனு எழுத உதவுகிறேன்.