சியாங் மாய் ஊழியத்துக்கு விசா வாங்கித் தர ஏஜென்டால் முடியாது

கேள்வி: ஐயா, நானும் என் மனைவியும் தாய்லாந்தில் சியாங் மாய் பக்கம் ஊழியத்துக்குப் போகிறோம். மனைவி நர்ஸ். இரண்டு பிள்ளைகள். "முதலில் டூரிஸ்டாக இறங்குங்கள், அப்புறம் மொழிப் பள்ளியில் சேர்த்து மாணவர் விசா எடுத்துத் தருகிறேன்" என்று ஒரு ஏஜென்ட் எண்பதாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா? அங்குள்ள பழக்கவழக்கம் எங்களுக்கு ஒத்துவருமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: தம்பி, அந்த எண்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள்.

மிஷனரிகளுக்கென்று தாய்லாந்தில் தனி விசாவே இருக்கிறது, 'ஆர்' விசா என்பார்கள். அங்குள்ள திருச்சபை அமைப்பு ஒன்று உங்களை அழைத்துக் கடிதம் தர வேண்டும், அதைப் பார்த்து அந்நாட்டுச் சமய விவகாரத் துறை பரிந்துரைக்க வேண்டும். கத்தோலிக்கர், பாப்டிஸ்டுகள், அட்வென்டிஸ்டுகள் என்று கிறிஸ்தவத்தில் ஐந்தே அமைப்புகளைத்தான் அந்தத் துறை ஏற்றிருக்கிறது. இத்தனை மிஷனரிதான் என்று ஒதுக்கீடும் உண்டு, இடம் காலியாகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். இதில் ஏஜென்டுக்கு என்ன வேலை? "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்பார். மாற்றுவதற்கும் அதே கடிதம்தான் வேண்டும், அதைச் சொல்லமாட்டார்.

உண்மையிலேயே படிக்கப் போகிறவருக்கு மாணவர் விசா நல்ல விசாதான். வகுப்புக்குப் போகாமல் கிராமம் கிராமமாகக் கூட்டம் நடத்துகிறவரை இமிக்ரேஷன் அதிகாரி தாய்லாந்து மொழியில் நாலு கேள்வி கேட்டால் கதை முடிந்தது. வேலை அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் (தாய்லாந்துப் பணம்) வரை அபராதம், அதோடு நாடு கடத்தல். ஏஜென்ட் நாகர்கோவிலில் சௌகரியமாக இருப்பார், உங்களை அழைத்த சபைதான் அங்கே பதில் சொல்லிக்கொண்டு நிற்கும். மனைவி உங்களைச் சார்ந்தவராக வரலாம், ஆனால் அந்நாட்டு நர்சிங் உரிமம் இல்லாமல் இலவச முகாமில்கூட ஊசி எடுக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், இதில் விழுந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு வருடத்துக்குத் தங்கும் அனுமதி பாஸ்போர்ட்டில் குத்தியாகிவிட்டது என்று வையுங்கள். நாலாம் மாதம் ஊரில் அப்பா தவறிவிட்டார், அழுதுகொண்டே விமானம் ஏறுகிறீர்கள். மறுநுழைவு அனுமதி, அதாவது போய்த் திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் அனுமதி, வாங்காமல் எல்லை தாண்டிய அந்த நிமிடமே மீதி எட்டு மாதமும் போய்விடும், திரும்ப வந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். பலமுறை அனுமதி வாங்கிவிட்டோமே என்று அடுத்த வருடம் சும்மா இருக்காதீர்கள், தங்கும் அனுமதி முடிகிற தேதியில் அதுவும் முடிந்துவிடும், நீட்டித்ததும் புதிதாக வாங்க வேண்டும். பிள்ளைகளுக்கும் தனித்தனியாக. அவசரமென்றால் பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே கிளம்பும்போது வாங்கலாம், கையில் பணமும் போட்டோவும் இருக்கட்டும்.

அப்புறம் 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும், தாமதித்தால் 2,000 பாட். பத்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறவரும் "இங்கேதான் இருக்கிறேன்" என்று வருடத்துக்கு நாலு தரம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதனால் யாருக்கு என்ன லாபமோ! ஆனாலும் செய்துவிடுங்கள்.

பழக்கவழக்கத்துக்கு வருகிறேன். நம் சபைகளில் ஜெபிக்கும்போது தலையில் கை வைப்பது கையோடு வந்த வழக்கம். தாய்லாந்து மக்களுக்குத் தலை மிக மேலானது, பாதம் மிகக் கீழானது. முன்பின் தெரியாத பெரியவர் தலையில் கையை வைத்தீர்களானால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், சிரிப்பார், அடுத்த வாரம் வரமாட்டார். காலை நீட்டி உட்காராதீர்கள். சோறு ஸ்பூனில் வாய்க்குப் போகும், முள்கரண்டி தள்ளிவிட மட்டும். வடக்கே ஒட்டரிசிச் சோற்றை மட்டும் கையால் உருட்டிச் சாப்பிடுவார்கள், அன்றைக்கு நமக்கு நிம்மதி. உங்களைக் 'கேக்' என்பார்கள். விருந்தாளி என்று பொருள், இந்தியர்களையும் அப்படித்தான் சொல்வார்கள். பாங்காக்கில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கும் 'வாட் கேக்' என்றே பெயர், மனம் வருந்தாதீர்கள். அரச குடும்பத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, சட்டத்தில் 3 முதல் 15 வருடம்வரை சிறை.

மொழியில் ஐந்து தொனி. 'க்ளாய்' என்பதைச் சமமாகச் சொன்னால் தொலைவு, மேலிருந்து இறக்கிச் சொன்னால் அருகில். கடவுள் உங்கள் அருகில் இருக்கிறார் என்று நம் பையன் ஒருவன் உருகி உருகிப் பிரசங்கித்தான். முன்வரிசைப் பாட்டி, கூட்டம் முடிந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் தம்பி அவர் அவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?" என்று கேட்டார். அவன் அன்று இரவே பாடப் புத்தகத்தை மறுபடி எடுத்தான்.

அதைவிடக் கடினம் 'க்ரெங் ஜாய்'. எதிராளியைச் சங்கடப்படுத்தக் கூடாது என்கிற மனசு. ஜெபிக்கலாமா என்றால் தலையாட்டுவார்கள், புத்தகம் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குவார்கள். அது மரியாதை. அதை எண்ணி "ஐம்பது பேர் ஏற்றுக்கொண்டார்கள்" என்று ஊருக்கு அறிக்கை அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அனுப்புகிற கமிட்டிகளும் முதல் மாதமே எத்தனை ஆத்துமா என்றுதான் கேட்கின்றன. அமெரிக்க மிஷனரி மருத்துவர் டான் பீச் பிராட்லி 1835-ல் பாங்காக் வந்து அச்சகம் வைத்தார், அம்மை குத்தினார், 1873-ல் அங்கேயே இறந்தார், அவர் மூலம் விசுவாசிகளானவர்கள் மிகச் சிலரே. முதல் இரண்டு வருடம் மொழி படிக்க மட்டும் என்று உங்கள் கமிட்டியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அழைக்கிற சபைக்கு இந்த வாரமே கடிதம் போடுங்கள்.