தொண்டைக்குள் சின்னதாக ஒரு கட்டி தெரிகிறது, கேன்சராக இருக்குமோ? யாருக்காவது இப்படி இருந்ததா?

உள்நாக்குக்குப் பின்னால், இடது பக்கம், பயறு அளவு, சிவப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். டார்ச் அடித்துப் பலமுறை பார்த்தவரால்தான் இவ்வளவு துல்லியமாக எழுத முடியும். நானும் அதே ஆள்தான்.

எனக்குக் குமுளி. ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒரு ஆடிச் சாரலில் சளி பிடித்துத் தொண்டை கரகரத்தது. ராத்திரி போன் டார்ச்சை வாய்க்குள் அடித்தால் பின்சுவரில் ஒரு மேடு. எங்கள் தொழிலில் எல்லாமே சல்லடைக் கணக்கு. 8 மில்லி சல்லடையில் நிற்கிற காய்க்குத்தான் நல்ல விலை. இது அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் வயிற்றைக் கலக்கியது. முப்பது வருஷம் வெற்றிலையும் புகையிலையும் போட்ட என் மாமா வாய்ப் புற்றில்தான் போனார். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது என்பது அன்று ராத்திரி நினைவுக்கு வரவே இல்லை.

அப்புறம் தினமும் இருபது தடவை பார்ப்பேன். போட்டோ எடுத்து நேற்றைய போட்டோவோடு ஒப்பிடுவேன். வெளிச்சம் கொஞ்சம் மாறினாலும் வளர்ந்துவிட்டதாகத் தோன்றும். ஸ்பூன் காம்பால் நாக்கை அமுக்கி அமுக்கி நிஜமாகவே புண்ணாக்கிக்கொண்டு, அந்த வலியையும் கட்டியின் கணக்கில் சேர்த்தேன். எச்சில் விழுங்கினால் ஏதோ அடைத்தது.

"எச்சில் அடைக்குது, பரோட்டா மட்டும் அடைக்கலையாக்கும்?" என்றாள் மனைவி.

டாக்டரும் அதையேதான் கேட்டார். கட்டப்பனையில் ஒரு ஈ.என்.டி. டாக்டர். குட்டிக் கண்ணாடி ஒன்றை ஸ்பிரிட் விளக்கில் வாட்டி, தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்து, என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து "ஈ" சொல்லச் சொன்னார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்காமல் இருக்கத்தான் அந்த வாட்டல். பார்த்துவிட்டு, "பேடிக்கண்ட" என்றார், மலையாளத்தில் பயப்பட வேண்டாம் என்று. (1854-இல் இப்படிக் கண்ணாடி பிடித்துத் தன் குரல்நாணைத் தானே பார்த்தவர் மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் என்று பிற்பாடு படித்தேன். மனிதர் 101 வயது வரை இருந்தார்.)

டாக்டர் சொன்னது இதுதான். அது டான்சில் மாதிரியான திசு. தொண்டைப் பின்சுவரிலும் அடிநாக்கிலும் திட்டுத் திட்டாக இருக்கும். கிருமியைப் பிடிப்பது அதன் வேலை. சளி, புகை, தூசி, ராத்திரி மேலே ஏறும் வயிற்று அமிலம் எதற்கும் வீங்கும், வடியும். சிலருக்கு அப்படியே நின்றுவிடும். அடிநாக்கில் அம்பு முனைபோல வரிசையாக 8 முதல் 12 மொட்டுகள் எல்லோருக்கும் உண்டு, அதைப் பார்த்துப் பயந்து வருகிறவர்கள் தனிக் கூட்டமாம். எச்சில் விழுங்கும்போது அடைத்து, சாப்பிடும்போது காணாமல் போகிற அந்த உருண்டைக்குக் குளோபஸ் என்று பெயர். தொண்டைத் தசை இறுகினால் வரும், பதற்றத்தில் கூடும்.

ஆனால் இங்கே எழுதுகிற யாரும் உங்கள் தொண்டையைப் பார்க்கவில்லை. ஒரு தடவை நேரில் காட்டிவிடுங்கள். மூன்று வாரம் தாண்டியும் குரல் கம்மியே இருந்தாலோ, சோறு இறங்கச் சிரமப்பட்டாலோ, ரத்தம், ஆறாத புண், எடை குறைவு, ஒரு பக்கக் காது வலி, கழுத்தில் கெட்டியாக நகராமல் வளரும் கட்டி என்று எது இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். புகையிலைப் பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

டாக்டர் சொல்லியும் எனக்கு மூன்று நாள்தான் நிம்மதி. மறுபடி டார்ச். மலை இறங்கித் தேனியில் இன்னொருவரிடம் காட்டினேன், அதே பதில். கடைசியில் மனைவி வாஷ்பேசின் கண்ணாடியைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டு, போனில் இருந்த தொண்டைப் படங்களை எல்லாம் அழித்தாள். முதல் வாரம் கை துறுதுறுத்தது. எச்சில் அடைப்பு எப்போது போனது என்று எனக்கே தெரியாது. மேடு போகவில்லை, போன மாதம் பல் டாக்டர் பார்த்து, இருக்கிறது என்றார். சரி, இருக்கட்டும்.

கண்ணாடி இன்னும் டிரம்முக்குப் பின்னால்தான். பைக் கண்ணாடியைப் பார்த்துத்தான் ஷேவ் பண்ணுகிறேன்.