சத்து மாத்திரையில் தெம்பு இருக்கிறதா? என்சைம், வைட்டமின் கேள்வி பதில்

கே: டீச்சர், சோர்வா இருக்குன்னு தினமும் பி காம்ப்ளெக்ஸ் போடுறேன். தெம்பு அதுலருந்துதானே வருது?

ப: இல்லைங்க. தெம்பு சோறு, பருப்பு, எண்ணெயிலிருந்துதான் வருகிறது. சோறு குளுக்கோஸாகி, பிறகு பைருவேட் ஆகிறது. அதை மேற்கொண்டு எரிக்கிற என்சைமோடு (உடலின் வேதிவேலைகளை வேகப்படுத்தும் புரதம்), உங்கள் மாத்திரையில் உள்ள பி1 வைட்டமின் ஒட்டிக்கொண்டால்தான் வேலை நடக்கும். பி1 இல்லையென்றால் பைருவேட் தேங்கி லாக்டிக் அமிலமாக மாறும். நரம்பும் இதயமும் அடிவாங்கும். பெரிபெரி நோய் அதுதான். ஒரே பி1 மூலக்கூறு திரும்பத் திரும்ப வேலைக்கு வருவதால் நாளுக்குச் சுமார் 1 மில்லிகிராம் போதும். மிஞ்சுவது சிறுநீரில் போய்விடும். சோர்வு நீடித்தால் முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு பாருங்கள்.

கே: பச்சரிசி நல்லதா, புழுங்கலா?

ப: பி1 கணக்கில் புழுங்கல்தான். 1890களில் ஜாவாவில் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியே தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதைப் பார்த்தார். தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்ததும் அவை எழுந்து நடந்தன. 1929இல் நோபல் பரிசு பெற்றார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள பி1 தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் நிறையவே தங்கும். நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நெல் அவித்ததில் இவ்வளவு இருக்கிறது! ஆனால் தண்ணீர் தெளியும்வரை நாலைந்து தடவை களைந்தால், கழுநீரோடு பி1-உம் மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். இரண்டு தடவை போதும்.

கே: மட்டன்ல பப்பாளிக்காய் போட்டா சீக்கிரம் வேகுதே, எப்படி?

ப: காயின் பாலில் பப்பெயின் என்ற என்சைம் இருக்கிறது, கறியின் புரதத்தை வெட்டும். நெடுநேரம் ஊறவிட்டால் கறி கூழாகிவிடும். நன்றாகக் கொதித்ததும் என்சைம் உருக்குலைந்து ஓய்ந்துவிடும்.

கே: ரத்தம் கட்டாம இருக்க அப்பா வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறார். கீரையைக் கண்ணாலயும் பார்க்கக் கூடாதுங்கறாங்க.

ப: அப்படியில்லை. ரத்தம் உறையக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். வேலை முடித்த கே-வைப் புதுப்பிக்கிற என்சைமை வார்ஃபரின் தடுக்கிறது. கீரையின் அளவு திடீரென ஏறி இறங்குவதுதான் ஆபத்து. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடட்டும். மாற்றுவதானால் மருத்துவரிடம் சொல்லி ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.

கே: சர்க்கரை நோய்க்கு எட்டு வருஷமா மெட்ஃபார்மின் மாத்திரை. இப்போ பாதம் மரத்துப்போகுது. சுத்த சைவம்.

ப: சர்க்கரையாலும் மரக்கும், பி12 குறைந்தாலும் மரக்கும். மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். காய்கறியிலோ அது கிடையாது, சைவத்துக்குப் பால், தயிர்தான் வழி. இந்த வாரமே ரத்தத்தில் பி12 பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.