அப்பாவின் நுரையீரல் மாற்று அறுவைக்கு வீட்டை விற்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக ஐ.பி.எஃப். என்ற நுரையீரல் நோய். இப்போது வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின். மாற்று அறுவைக்குச் சென்னையில் காட்டச் சொல்கிறார் டாக்டர். 35 லட்சம் வரை ஆகுமாம். அப்பா பெயரில் எஃப்.டி. 9 லட்சம், ஆறு வருடமாகக் கட்டிவரும் 5 லட்ச ரூபாய் மெடிக்ளெய்ம், அம்மாவின் 30 பவுன் நகை, திண்டுக்கல்லில் 40 லட்சம் பெறும் வீடு. இவ்வளவுதான் எங்களிடம் இருப்பது. தம்பி பர்சனல் லோன் எடுக்கத் தயார். அப்பா, "எனக்காக வீட்டை வித்துடாதீங்க" என்கிறார். என்ன செய்வது?

பதில்: வீட்டை இப்போது விற்க வேண்டாம். பணம் போதாது என்று அறுவையை இப்போதே கைவிடவும் வேண்டாம். முதலில், மாற்று அறுவை செய்யும் மருத்துவமனையில் அப்பாவை முழுதாகப் பரிசோதிக்க விடுங்கள். இதயம், சிறுநீரகம், உடல் வலு எல்லாம் பார்த்துத்தான் அவர் தகுதியானவரா என்றே சொல்வார்கள். சிலருக்கு முடியாது என்ற பதில் வரும். அந்தச் செலவை எஃப்.டி.யிலிருந்து எடுங்கள். உடம்பு மிகவும் தளர்ந்தபின் போனால் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் சேர்ப்பதே கடினம் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து அந்த 35 லட்சம். அது டிஸ்சார்ஜ் ஆகும் நாள் வரைக்கான கணக்கு. உங்கள் குடும்பம் உண்மையில் முடிவு செய்ய வேண்டியது அதற்கு மறுநாளிலிருந்து ஆகும் செலவைத்தான். புது நுரையீரலை உடல் நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க, ஒருவேளை கூடத் தவறாமல் எடுக்க வேண்டும். கிருமித்தொற்றைத் தடுக்கும் மருந்துகள் வேறு. முதல் வருடத்தில் அவையே பெரிய தொகை. அடிக்கடி ரத்தப் பரிசோதனை, நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி. தானம் கிடைத்த நுரையீரல் சில மணி நேரமே தாங்கும் என்பதால், காத்திருக்கும்போதே சென்னையில் வீடு எடுக்க வேண்டிவரும். பாலிசிகள் பெரும்பாலும் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 அல்லது 90 நாள் செலவைத்தான் தரும். அப்புறம் எல்லாம் கைப்பணம்.

ஆகவே அறுவைச் செலவோடு இரண்டு வருட மருந்து, வாடகை, பயணச் செலவையும் சேர்த்து மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்குங்கள். ஐ.சி.யூ.வில் கூடுதல் நாள் இருக்க நேர்ந்தால் எவ்வளவு என்றும் கேளுங்கள். முன்பணம் கட்டச் சொன்னால், உறுப்பு கிடைக்காமலே போனால் அது திரும்புமா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இதைக் கேட்க மனசு வராது, ஆனாலும் கேளுங்கள். பட்டியலை நடத்துவது தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையம். பணம் கொடுத்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அது குற்றம். அந்த ஆளை நெருங்கவே விடாதீர்கள்.

பணத்தை எப்படித் திரட்டுவது? மெடிக்ளெய்மில் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். அதைத் தாண்டிய அறையில் சேர்ந்தால் வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் கட்டணம், அறுவைக் கட்டணம் போன்றவற்றிலும் விகிதப்படி வெட்டலாம். பாலிசி ஐந்து வருடம் தாண்டிவிட்டதால், மோசடி தவிர வேறு காரணம் காட்டி பழைய தகவல்களைக் கிளறி நிராகரிக்க முடியாது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் விசாரியுங்கள்.

தம்பியின் பர்சனல் லோன் எனக்குப் பிடிக்கவில்லை. 15 லட்சத்தை 14 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 35,000. அதே தொகையை வீட்டின் பேரில் 10 சதவீதத்துக்குப் பத்து வருடத்துக்கு வாங்கினால் 20,000-க்குள் அடங்கும். மொத்த வட்டி ஏறக்குறைய மூன்று லட்சம் அதிகம்தான், ஆனால் மருந்துக்கு மாதாமாதம் கையில் காசு நிற்கும். தம்பி சேர்ந்து கையெழுத்திட வேண்டியிருக்கும். நகையை விற்காமல் அடகு வையுங்கள். அவசரத்தில் வீட்டை விற்றால் விலையும் குறையும், லாபத்துக்கு வரியும் உண்டு, அம்மாவுக்கு இருக்க இடமும் போகும். கடன் தவணை, மருந்து இரண்டையும் தம்பியின் சம்பளமும் உங்கள் பங்கும் இரண்டு வருடம் தாங்காது என்றால், அறுவைக்குக் கடன் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. மாத்திரை வாங்க முடியாமல் பாதியில் நிற்பது அப்பாவுக்கே ஆபத்து.

அப்பா சொன்னதையும் கவனியுங்கள். அவர் மறுப்பது வீட்டை விற்பதையா, அறுவையையா? உலக அளவில் இந்த அறுவை செய்துகொண்டவர்களில் பாதிப் பேருக்குச் சற்று அதிகமானோர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். சிறுநீரக மாற்றைவிட இது குறைவு. ஆனால் மூச்சு வாங்காமல் நடக்கும் சில வருடங்கள் அவருக்குப் பெரிதாக இருக்கலாம். வேண்டாம் என்றும் தோன்றலாம். வீடு போகாது என்று சொல்லிவிட்டு, டாக்டர் முன்னிலையில் மறுபடி கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்து, மூச்சுப் பயிற்சி, ஆக்சிஜன், அவதியைத் தணிக்கும் சிகிச்சைக்கு அந்த எஃப்.டி. நன்றாகவே பயன்படும்.

எந்த முடிவு எடுத்தாலும் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். எஃப்.டி. அப்பா ஒருவர் பெயரில் இருக்கிறது. அவர் வென்டிலேட்டரில் இருக்கும்போது அதை உங்களால் உடைக்க முடியாது. வங்கிக்குப் போய் அம்மாவின் பெயரையும் சேர்த்து, இருவரில் எவரும் எடுக்கலாம் என்று மாற்றிவிடுங்கள். முதிர்வுக்கு முன்பே எடுக்கவும் இது செல்லும் என்று எழுதிக் கொடுங்கள்.