ஜப்பானின் ஜயன்ட் பாபா, அன்டோனியோ இனோகி: இருவரில் யாரைப் பெரிய ரெஸ்லர் என்று சொல்வீர்கள்?

என் தேர்வு பாபா. உலகம் அதிகம் அறிந்த பெயர் இனோகியுடையது என்பதை நான் மறுக்கவில்லை. பல ஆண்டுகள் நானும் இனோகியின் பக்கமே நின்று வாதாடியிருக்கிறேன். ஆனால் தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படும் ஒன்று. ஆகவே வெற்றிகளையும் பட்டங்களையும் எண்ணிப் பார்த்து ஒருவரைப் பெரியவர் என்பதில் பொருளில்லை. இவர்கள் இருவரும் சொந்த நிறுவனம் நடத்தி, யார் வெல்வது என்று முடிவு செய்யும் நாற்காலியில் நெடுங்காலம் அமர்ந்திருந்தவர்கள். அந்த அதிகாரத்தைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

இருவரும் ரிங்கில் முதன்முதலாக இறங்கியது ஒரே நாளில், 1960 செப்டம்பர் 30 அன்று, டோக்கியோவில். இருவருக்கும் குரு, அன்றைய ஜப்பானின் புகழ்பெற்ற ரெஸ்லர் ரிகிடோசான். பாபா 209 செ.மீ. உயரம், யோமியூரி ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியில் பந்து வீசியவர், குளியலறையில் விழுந்து முழங்கையைக் காயப்படுத்திக்கொண்டதால் அந்த விளையாட்டை விட்டு வந்தவர். இனோகியோ குடும்பத்தோடு பிரேசிலுக்குப் போய்க் காப்பித் தோட்டத்தில் வேலை செய்த பதினேழு வயதுப் பையன். அன்று தன் போட்டியில் பாபா வென்றார். இனோகி கின்டாரோ ஓகியிடம் தோற்றார். அதன் பிறகு பாபாவை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்த குரு, இனோகியைத் தனக்குப் பணிவிடை செய்ய வைத்துக்கொண்டார். அன்று விழுந்த அந்த ஏற்றத்தாழ்வை இனோகி கடைசிவரை மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1963 டிசம்பரில் ரிகிடோசான் கத்திக்குத்துக் காயத்தால் இறந்தார். பின்னர் பாபாவும் இனோகியும் இணைப் போட்டிகளில் ஒரே அணியாகப் பெரும் புகழ் பெற்றார்கள். 1971 இறுதியில், இருவரும் இருந்த நிறுவனத்திலிருந்து இனோகி வெளியேற்றப்பட்டார். 1972-இல் அவர் நியூ ஜப்பான் என்ற மல்யுத்த நிறுவனத்தையும், அதே ஆண்டில் பாபா ஆல் ஜப்பான் என்ற நிறுவனத்தையும் தொடங்கினார்கள். அமெரிக்காவின் என்.டபிள்யூ.ஏ. என்ற மல்யுத்த அமைப்பு பாபாவின் பக்கம் நின்றதால் அங்கிருந்த பெரிய வீரர்கள் அவரிடமே வந்தார்கள். 1974 டிசம்பர் 2 அன்று ககோஷிமாவில் ஜாக் பிரிஸ்கோவை வென்று, என்.டபிள்யூ.ஏ. உலகப் பட்டத்தைப் பெற்ற முதல் ஜப்பானியர் ஆனார் பாபா. அந்தக் கதவு மூடியிருந்ததால்தான் இனோகி தனக்கென எதிரிகளைத் தானே உருவாக்க வேண்டியிருந்தது. பஞ்சாபில் பிறந்த டைகர் ஜீத் சிங்கை அப்படித்தான் பெரிய வில்லனாக்கினார். 1973-இல் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில், கடைத்தெருவில் சிங் இனோகியைத் தாக்கியதை ஜப்பானிய ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

இனோகியின் உச்சம் 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில் முகமது அலியுடன் மோதியது. அலி அப்போது குத்துச்சண்டை உலகச் சாம்பியன். முடிவு பேசி வைக்கப்படாத நிஜமான மோதல் அது. அதன் காணொளியை நான் பதினைந்து சுற்றுகளும் பலமுறை பார்த்திருக்கிறேன். மணி அடித்ததும் இனோகி ஓடிப்போய்ச் சறுக்கி விழுந்தபடி அலியின் காலை உதைக்கிறார். பின்னர் பெரும்பாலும் முதுகைத் தரையில் வைத்துக்கொண்டே, அலியின் இடது முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உதைத்துக்கொண்டிருக்கிறார். அலி எழுந்து நின்று சண்டையிடச் சொல்லிக் கத்துகிறார், கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். போகப் போக அந்தக் கால் வீங்குவது கண்ணுக்கே தெரிகிறது. ஒரு நடுவர் இனோகிக்கும், ஒருவர் அலிக்கும் அதிகப் புள்ளிகள் கொடுக்க, மூன்றாமவர் சமம் என்றார், போட்டி டிராவானது. அன்று ஊரே ஏமாற்று வேலை என்று திட்டியது. கலப்புத் தற்காப்புப் போட்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணோடு இன்று பார்த்தால், அந்த உதைகளில் எவ்வளவு துணிச்சல் இருந்தது என்பது புரியும். இப்படி ஒரு ஆபத்தில் பாபா ஒருநாளும் தலையைக் கொடுத்திருக்க மாட்டார். அதில் இனோகிக்கு நிகர் இல்லை.

ஆனால் அதே இனோகிக்கு மேடையின் நடுவை விட்டு விலகத் தெரியவில்லை. 1987 டிசம்பர் 27 அன்று டோக்கியோவின் ரியோகோகு கொக்குகிகான் அரங்கில், இனோகிக்கும் அவருடைய போட்டியாளர் ரிகி சோஷுவுக்கும் இடையிலான போட்டியைப் பார்க்க டிக்கெட் வாங்கி வந்தவர்களின் முன் கடைசி நேரத்தில் ஏற்பாட்டை மாற்றி, வேடர் (Vader) என்ற பெயரில் புதிதாக வந்த அமெரிக்க வீரருடன் இனோகி மோதி மூன்று நிமிடத்துக்குள் தோற்றார். ரசிகர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் வீசிக் கலவரம் செய்தார்கள். நியூ ஜப்பானுக்கு அந்த அரங்கமே சில காலம் மறுக்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் தன் நிறுவனத்தின் இளைய வீரர் ஃபுஜினாமியுடன் அறுபது நிமிடம் சமமாக நின்று அவரை உயர்த்திவிட்டார் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

பாபாவோ எண்பதுகளின் நடுவிலேயே முதன்மை இடத்தைத் தன் நிறுவனத்தின் இளைய வீரர் ஜம்போ சுருடாவிடம் கொடுத்துவிட்டு, ரஷர் கிமுரா போன்ற மூத்தவர்களுடன் இடைப் போட்டிகளுக்கு இறங்கிவிட்டார். போட்டி முடிந்ததும் கிமுரா மைக்கைப் பிடித்து அவரை "அண்ணா" என்று அழைப்பதும், கூட்டம் சிரிப்பதும், முதலாளியான பாபா முகம் கோணாமல் நிற்பதும் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகள். 1989 நவம்பரில் சப்போரோவில் தன் நிறுவனத்து வீரர் தென்ரியு, நடுவர் மூன்று எண்ணும்வரை தன் தோளைத் தரையில் அழுத்தி வெல்ல பாபா இடம் கொடுத்தார். அடுத்த ஆண்டே தென்ரியு வேறு நிறுவனத்துக்குப் போனபோது, பாபா கலங்காமல் இளம் வீரர் மிசாவாவை முன்னிறுத்தினார். 1990 ஜூன் 8 அன்று மிசாவா சுருடாவை வென்றார். தொண்ணூறுகளில் மிசாவா, கவாடா, கோபாஷி, டாவே நால்வரும் ஆடிய ஆட்டங்களுக்கு இணையாக நான் வேறெதையும் பார்த்ததில்லை. பாபா ஒதுங்கி நின்றதால் உண்டான இடத்தில் அவர்கள் வளர்ந்தார்கள். 1994 ஜனவரி 4 அன்று இனோகியும் அதே தென்ரியுவிடம் தோற்றார் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் அவர் நாடாளுமன்ற உறுப்பினராகி ஐந்து ஆண்டுகள் ஆகப்போகின்றன.

இருவரும் நேருக்கு நேர் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இளம் வீரர்களாக மோதியபோதெல்லாம் பாபாதான் வென்றார். 1979 ஆகஸ்ட் 26 அன்று புடோகானில் இருவரும் கடைசியாக ஒரே அணியில் நின்று அப்துல்லா தி புட்சரையும் டைகர் ஜீத் சிங்கையும் வென்றார்கள். அடுத்த முறை இதே ரிங்கில் நாம் இருவரும் மோதுவோம் என்று இனோகி மைக்கில் அறைகூவினார், பாபாவும் சம்மதித்தார். தோற்க யார் ஒப்புக்கொள்வது என்பதை முடிவு செய்ய இருவருக்கும் மேலே ஒரு முதலாளி இல்லை. அந்தப் போட்டி கடைசிவரை நடக்கவில்லை.