மொறுமொறுப்பான மீன் பொரியல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாக்கரைசலில் தோய்த்துப் பொரிக்கும் மீனைப் பற்றியே இம்முறை கூடுதலான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்த ஒரு பண்டத்துக்கே பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கோதுமை மா, முட்டை, தண்ணீர் மூன்றையும் கட்டியில்லாமல் நன்றாக அடித்துக் கலந்து, அதில் மீனைத் தோய்த்துப் பொரிக்கிறேன். தாச்சியிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் மேசைக்கு வந்து அமர்வதற்குள் நமுத்துப் போகிறது. கடித்தால் மேல்மா தனியாகவும் மீன் தனியாகவும் கழன்று வருகின்றன. மீனைத் தேசிக்காய்ச் சாறு, மஞ்சள், உப்பு சேர்த்து ஒரு மணி நேரம் ஊறவைத்த பிறகே பொரிக்கிறேன். பிழை எங்கே?
*வாசகி, வெள்ளவத்தை*

நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் மூலம் ஒன்றுதான், அது தண்ணீர். மாவின் அளவை மாற்றிப் பார்ப்பதற்கு முன், மீனில் இருக்கும் ஈரம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதைக் கவனித்தீர்களானால், பிழை நடக்கும் இடங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய வரும்.

முதலாவது இடம் மீனின் மேற்புறம். உப்பு மீனின் உள்ளே இருக்கும் நீரை வெளியே இழுக்கும். தேசிக்காயின் புளிப்பு சதையின் மேற்படையை வெளுக்கச் செய்து இளக்கிவிடும். ஒரு மணி நேரம் ஊறிய மீன் நீர் கோத்த நிலையில்தான் மாக்கரைசலுக்குள் இறங்குகிறது. எண்ணெயில் விழுந்ததும் அந்த நீர் ஆவியாகி, மீனுக்கும் மாவுக்கும் இடையில் ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது. மேல்மா உறை போலக் கழன்று வருவது இதனால்தான். உப்பும் மஞ்சளும் போதும். கால் மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டாம். தேசிக்காயைப் பரிமாறும்போது பிழிந்துகொள்ளுங்கள். ஊறிய துண்டுகளைச் சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியை வைத்து, கையால் அழுத்தி ஒற்றி எடுங்கள். துணி நனைந்தால் வேறு துணி மாற்றுங்கள். விரலால் தொட்டால் வழுக்காமல் சற்று ஒட்டும் பதத்துக்கு மீன் வந்த பிறகு, உலர்ந்த சோள மாவிலோ அரிசி மாவிலோ புரட்டி, மிகுதியை உதறிவிட்டுத்தான் கரைசலில் தோய்க்க வேண்டும். இந்த உலர்மாப் படை எஞ்சியிருக்கும் ஈரத்தை உறிஞ்சி, கரைசல் பிடித்துக்கொள்வதற்கு ஒரு பிடிமானத்தையும் கொடுக்கும். இந்த ஒரு வேலையை மட்டும் செய்தாலே மா கழன்று வரும் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டாவது இடம் கரைசல். கோதுமை மாவைத் தண்ணீரில் நன்றாக அடிக்க அடிக்க, அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்ற இழுவையான வலையாகின்றன. ரொட்டிக்கு வேண்டியது அந்த இழுவை. பொரியலுக்கு அது பகை. மேல்மா தடித்து, பொரிந்து ஆறியதும் தோல் போல இழுபடும். ஆகவே மாவில் மூன்றில் ஒரு பங்கை, குளூட்டன் இல்லாத அரிசி மாவாகவோ, கடைகளில் கோன் ஃப்ளவர் என்று விற்கும் வெள்ளைச் சோள மாவாகவோ மாற்றுங்கள். அரைக் கிலோ மீனுக்கு 100 கிராம் கோதுமை மா, 50 கிராம் அரிசி மா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, விருப்பத்துக்கு ஏற்ப மிளகுத்தூள் ஆகியவற்றைக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் சூடேறிய பிறகு, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த 180 முதல் 200 மில்லிலீற்றர் குளிர்ந்த நீரை ஊற்றி, முள்ளுக்கரண்டியால் சில சுற்றுகள் மட்டும் கிளறுங்கள். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். குளிர்ந்த நீரில் குளூட்டன் மெதுவாகவே உருவாகும் என்பதால்தான் குளிர்ச்சியை வற்புறுத்துகிறேன். கரைசல் தோசை மாவைவிடச் சற்று இளக்கமாக இருக்க வேண்டும். முட்டை சேர்த்தால் நிறமும் உப்பலும் வரும், ஆனால் மேலோடு மென்மையாகிவிடும். மொறுமொறுப்பே நோக்கமென்றால் முட்டையை விட்டுவிடுங்கள். மிளகாய்த்தூளைக் கரைசலில் அதிகம் சேர்க்காதீர்கள். மீன் வேகும் முன்னரே மேல்மா கறுத்துவிடும்.

மூன்றாவது இடம் எண்ணெய். 180 பாகை செல்சியஸ் அளவில் எண்ணெய் இருந்தால், மாவிலுள்ள நீர் வேகமாக ஆவியாகி வெளியேறும். அப்படி வெளியேறும் ஆவியே எண்ணெயை உள்ளே புகவிடாமல் தடுக்கும். சூடு குறைந்தால் ஆவியின் வேகமும் குறைந்து, மா எண்ணெயைக் குடிக்கத் தொடங்கும். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு சொட்டுக் கரைசலை விட்டுப் பார்க்கலாம்: சற்றே அமிழ்ந்து, உடனே நுரைத்துக்கொண்டு மேலே வந்தால் சூடு சரி, அடியிலேயே தங்கினால் போதாது, மேற்பரப்பிலேயே விழுந்த கணத்தில் சிவந்தால் மிகை. ஒரே தடவையில் தாச்சியை நிரப்பினால் சூடு சடுதியாக இறங்கிவிடும் என்பதால், இரண்டு மூன்று துண்டுகளாகவே போடுங்கள். மீன் வெந்துவிட்டதா என்பதைச் சத்தமே சொல்லிவிடும். தொடக்கத்தில் பெரிய குமிழிகள் இரைச்சலோடு கொதித்தெழும். நீர் வற்ற வற்றக் குமிழிகள் சிறுத்து, ஓசை தணிந்து, கரண்டியின் விளிம்பால் மேலோட்டைத் தட்டினால் காய்ந்த சருகில் படுவது போன்ற சரசரப்புக் கேட்கும். விரற்கடை கனமுள்ள துண்டுக்கு நாலைந்து நிமிடங்களில் இந்த நிலை வரும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்பவர்களும் தவறவிடும் இடம் நான்காவது. அடுப்பிலிருந்து எடுத்த மீனைக் காகிதம் விரித்த தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூடு ஆறாதிருக்க மூடியும் வைத்துவிடுகிறோம். மீனின் உட்புறம் அப்போதும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது; அதிலிருந்து எழும் ஆவி வெளியேற வழியில்லாமல், அவ்வளவு பாடுபட்டு உலர்த்திய மேலோட்டிலேயே மறுபடி படிகிறது. கம்பி வலைத் தட்டு ஒன்றின்மேல், துண்டுகள் ஒன்றையொன்று தொடாதபடி வைத்து, அடியிலும் காற்று போக விடுங்கள். மூடவே வேண்டாம். கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில், அதிலும் தென்மேல் பருவமழைக் காலத்தில், காற்றில் உள்ள ஈரத்தையும் மேலோடு இழுத்துக்கொள்ளும் என்பதால், முடிந்தால் வீட்டார் அமர்ந்த பிறகே கடைசிச் சுற்றைப் பொரித்துப் பரிமாறுங்கள்.

எந்த மீன் இதற்குப் பொருத்தமானது? சந்தையில் மீன்காரர் சொல்வதையே வாங்கி வருகிறேன்; சில நாட்களில் நன்றாக வருகிறது, சில நாட்களில் உதிர்ந்து போகிறது.
*வாசகர், கொட்டாஞ்சேனை*

வெள்ளைச் சதையும் குறைந்த கொழுப்பும் உள்ள மீன்களைக் கேட்டு வாங்குங்கள். பாரை, சீலா, கலவாய், விளைமீன், மோதா ஆகியவை நன்றாக வரும். கொழும்பில் தோரா என்று விற்கும் அறுக்குளாவும் அருமையானது, விலைதான் கூடுதல். இந்தப் பண்டத்துக்கு அதைவிட மலிவான பாரையே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. சூரை, கெலவல்லா போன்ற சிவந்த சதையுள்ள மீன்களை விட்டுவிடுங்கள். மேலோடு சிவப்பதற்குள் அவற்றின் உட்புறம் வறண்டுபோகும், மணமும் மாவை மீறி நிற்கும். அவற்றைக் கறிக்கோ, புளிப்புச் சேர்த்து வற்றவைக்கும் அம்புல் தியலுக்கோ வைத்துக்கொள்வதே முறை. சூரை வகை மீன்களைக் குளிரூட்டாமல் நெடுநேரம் வைத்தால், ஒவ்வாமை போன்ற உபாதையைத் தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் சதையில் சேரும் என்பதையும், எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தோலும் முள்ளும் நீக்கி, விரல் கனத்துக்கு ஒரே அளவாக வெட்டித் தரும்படி கேளுங்கள். சுப்பர் மார்க்கெட்டில் உறைய வைத்து விற்கும் துண்டுகளில் நீர் மிகுதி. அவற்றை முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, மெல்ல உருகவிட்டுப் பிழியாமல் அழுத்தி ஒற்றினால்தான் உடையாது.

ஆங்கிலேயச் செய்முறைகளில் எல்லாம் பியர் ஊற்றச் சொல்கிறார்கள். நாங்கள் அதை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. அதற்கு மாற்று உண்டா? நோன்பு துறக்கும் நேரத்துக்கு முன்கூட்டியே பொரித்து வைக்கவும் வழி சொல்லுங்கள்.
*வாசகி, தெஹிவளை*

மாற்று உங்கள் தெருமுனைக் கடையிலேயே இருக்கிறது: இனிப்புச் சேராத வெறும் சோடா. பியர் அந்தக் கரைசலில் செய்யும் முதன்மையான வேலை, கரைந்திருக்கும் கரியமில வாயுவைக் கொண்டுவருவதுதான். சூடான எண்ணெயில் அந்த வாயுக் குமிழிகள் விரிந்து, மேலோட்டை நுண்ணிய துளைகள் நிறைந்ததாக்கும். சோடாவும் அதையே செய்கிறது. மதுசாரம் நீரைவிட விரைவாக ஆவியாகும், குளூட்டனையும் சற்றுத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அரிசி மா சேர்த்த கரைசலில் அந்தக் குறை தெரியவே தெரியாது. மேலே சொன்ன அளவில் தண்ணீருக்குப் பதிலாகச் சோடாவை ஊற்றுங்கள். போத்தல் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த நீரில்தான் வாயு கூடுதலாகத் தங்கும். கலந்த கரைசலைக் காத்திருக்க விடாதீர்கள். லெமனேட் போன்ற இனிப்புப் பானங்கள் உதவா, சீனி கருகிவிடும்.

முன்கூட்டிச் செய்வதற்கு இருமுறை பொரிப்பதே சிறந்த வழி. முதலில் 160 பாகையில், மேலோடு வெளிறிய பொன்னிறமாகவும் மீன் உள்ளே முழுமையாகவும் வேகும் வரை பொரித்து, கம்பித் தட்டில் பரப்பி வையுங்கள். அந்த நேரத்தில் உள்ளிருக்கும் ஈரம் மேலோட்டுக்கு ஊறி வரும். பாங்கு சொல்வதற்குச் சற்று முன், எண்ணெயை 190 பாகைக்கு ஏற்றி, ஒன்றரை நிமிடம் மீண்டும் பொரித்தால், ஊறி வந்த ஈரமும் போய், முதல் தடவையைவிட உறுதியான மொறுமொறுப்பு வரும். கஞ்சி குடித்து முடிக்கும் வரை அது தாங்கும். இரண்டு பொரிப்புகளுக்கும் இடையில் அரை மணி நேரத்துக்கு மேல் மீனை வெளியே வைக்க வேண்டாம். நம் ஊர் வெப்பத்துக்கு அது நல்லதல்ல.

தேங்காய் எண்ணெயில் பொரிக்கலாமா? மிஞ்சிய எண்ணெயை மறுபடி பாவிக்கலாமா?
*வாசகர், மட்டக்குளி*

சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் 200 பாகைக்கு மேல்தான் புகையத் தொடங்கும், தாராளமாகப் பொரிக்கலாம். செக்கில் ஆட்டிய மணமுள்ள எண்ணெய், நமக்குத் தேவையான சூட்டை எட்டும்போதே புகையக்கூடும் என்பதால், அதைத் தாளிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயோடு வேறு எண்ணெயைக் கலந்து பொரிக்காதீர்கள். கலவை நுரைத்துப் பொங்கும். அடுப்படியில் அது ஆபத்தானது.

மிஞ்சியதை ஆறவைத்து, துணியில் வடித்து, ஈரமில்லாத போத்தலில் அடைத்து, ஒருமுறை மீனுக்கே பாவிக்கலாம். தேங்காய் எண்ணெயில் நீர் தங்கினால் நாளடைவில் சவர்க்காரச் சுவை தட்டும். நிறம் கறுத்தாலோ, வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைந்தாலோ, ஊற்றிவிடத் தயங்காதீர்கள். கழுவுதொட்டியில் அல்ல, ஒரு பழைய தகரத்தில் ஊற்றிக் குப்பையோடு அனுப்புங்கள். தற்செயலாக எண்ணெய் தீப்பற்றினால் காஸை நிறுத்திவிட்டு, தாச்சியை உலோக மூடியால் மூடுங்கள். எக்காரணம் கொண்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

புதிதாக ஏர் ஃப்ரையர் வாங்கியிருக்கிறோம். இதே மீனை அதில் செய்யலாமா?
*வாசகி, பம்பலப்பிட்டி*

இந்தக் கரைசலோடு முடியாது. எண்ணெய்தான் கரைசலை விழுந்த கணத்திலேயே இறுகச் செய்கிறது. சூடான காற்றுக்கு அந்த வேகம் இல்லாததால், மா வழிந்து கூடையின் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கருவிக்கு ஏற்றது ரஸ்க்தூள்: ஈரம் ஒற்றிய மீனை மாவிலும், பிறகு அடித்த முட்டையிலும், கடைசியாக ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் பிசறிய ரஸ்க்தூளிலும் புரட்டி, 200 பாகையில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் வையுங்கள். பாதியில் ஒருமுறை திருப்பிப் போட மறக்க வேண்டாம்.