ஓவன் இல்லாமலும் கிரனோலா வரும், திராட்சையை மட்டும் கடைசியில் போடுங்கள்

"வீட்டில் எளிதாகக் கிரனோலா செய்ய முடியுமா, ஓவன் வாங்கியே ஆகணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். காலையில் நாலு டப்பா கட்டிவிட்டு லோக்கல் பிடிக்க ஓடுகிறவர் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வராது. கிரனோலா என்பது ஓட்ஸையும் பாதாம், விதைகளையும் இனிப்புப் பாகில் புரட்டி மொறுமொறுவென்று வறுக்கிற காலை உணவுதான், அதற்கு அடிகனமான வாணலி போதும். நான் ஓடிஜி (மேஜைமேல் வைக்கிற சின்ன கரன்ட் ஓவன்) வாங்கின பிறகுதான் அது தெரிந்தது.

நாங்கள் இருப்பது மும்பை செம்பூரில். கணவர், இரண்டு பிள்ளைகள், எழுபத்தாறு வயது மாமனார். கடையில் வாங்குகிற பாக்கெட் நாலு நாளில் காலியாகிறதே என்று போன ஜூலையில் நானே இறங்கினேன். ஓட்ஸ், பாதாம், திராட்சை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி 180 டிகிரியில் வைத்தேன். வாசனை என்னவோ பிரமாதம். திராட்சை மட்டும் முதலில் பலூன் மாதிரி உப்பியது, ஆறினதும் கருகி மிளகாகிவிட்டது. மாமனார் ஒரு வாய் போட்டார், மெல்லுவதை நிறுத்தினார், எதையோ எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். திராட்சை என்றுதான் நினைத்தேன். வெள்ளையாக இருந்தது. கடைவாய்ப் பல்லின் கேப். "பொரி உருண்டை மாதிரிதானேம்மா இது, பாகு முத்திப்போச்சு" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பல் டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போக நாலு மாடி படியிறங்க வேண்டியிருந்தது. எங்கள் சொசைட்டி லிஃப்ட் அப்போது மூன்று வாரமாக நின்றிருந்தது, இந்த மாதம் மறுபடியும் நின்றிருக்கிறது. கேட்டுக்குப் புதுப் பெயின்ட், பெயர்ப்பலகைக்கு விளக்கு, இதற்கெல்லாம் பணம் இருக்கிறது. லிஃப்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் "பொதுக்குழுவில் பேசலாம்". கிழவர் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கியதை அந்தக் கமிட்டிக்காரர்கள் பார்த்திருக்கணும். சரி, அதை விடுங்கள்.

மாமனார் சொன்னது சரிதான், இது பாகு விஷயம். அமெரிக்காவில் 1863இல் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற டாக்டர் செய்த, கிரனோலாவுக்கு முன்னோடியான 'கிரானுலா'வை ராத்திரியே ஊறப்போட்டால்தான் மறுநாள் மெல்ல முடியுமாம். நான் செய்தது அந்த ரகம்.

இப்போது இப்படிச் செய்கிறேன். ரோல்டு ஓட்ஸ் மூன்று கப். இன்ஸ்டன்ட் வேண்டாம், மாவாகிவிடும். இரண்டு ஸ்பூன் நெய்யில் சிறுதீயில் பத்து நிமிஷம் வறுத்து, நறுக்கின பாதாம், பூசணி விதை எல்லாம் சேர்த்து ஒரு கப் போட்டு இன்னும் மூன்று நிமிஷம். அரை கப் கோலாப்பூர் வெல்லத்தை மூன்று மேஜைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டி (அடியில் மண் நிற்கும், பாருங்கள்), பிசுபிசுக்கும் வரை மட்டும் கொதிக்கவிட்டு மேலே ஊற்ற வேண்டும். அரை ஸ்பூன் உப்பு. ஐந்தாறு நிமிஷம் கை விடாமல் கிளறி, உதிரி உதிரியாக வந்ததும் தாம்பாளத்தில் பரப்பிவிடுங்கள். அடுப்பில் இருக்கும்போது மொறுமொறுப்பு வராது, ஆறினால்தான் வரும். இன்னும் நமுத்த மாதிரி இருக்கிறதே என்று மேலும் வறுத்தால் கசக்கும். நன்றாக ஆறினதும் திராட்சை.

ஓவன் இருந்தால் நெய்க்குப் பதில் கால் கப் தேங்காய் எண்ணெய் கலந்து, 150 டிகிரியில் இருபத்தைந்து நிமிஷம், நடுவில் ஒரு தடவை கிளறணும்.

தேன் போடலாமே என்பவர்கள் போடுங்கள். தேனைச் சுடவைக்கலாமா என்று பின்னாலேயே ஒருவர் வருவார், அந்த வம்புக்குப் பயந்துதான் வெல்லம். வெல்லமும் சர்க்கரைதான், தெரியும். சுகர் இருப்பவர்கள் பாதியாகக் குறையுங்கள். நான் டயட்டீஷியன் இல்லை.

சூடாக டப்பாவில் அடைக்காதீர்கள். இரண்டாவது தடவை அதையும் செய்தேன், மூடியில் வேர்த்து மறுநாள் நமுத்துவிட்டது. மழைக்காலத்தில் ஆறவைத்தாலும் ஒரு வாரத்தில் நமுக்கும். வாணலியில் ஐந்து நிமிஷம் புரட்டினால் சரியாகும்.

மாமனார் இப்போது தினமும் சாப்பிடுகிறார், பாலில் பத்து நிமிஷம் ஊறவிட்டு, திராட்சையையெல்லாம் ஸ்பூனால் பொறுக்கிப் பேத்தி கிண்ணத்தில் போட்ட பிறகு. ஓடிஜியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன், நாலு மாடி இறக்கத்தான் ஆள் இல்லை.